என் இரத்தம் எனக்கே பகையான வருடம்

எனக்கு வந்தது என்ன நோய் என்பதைப் பற்றி எங்கள் கடற்கரையில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். புற்றுநோய் என்கிறார்கள் சிலர். காசநோய் என்கிறார்கள் சிலர். மீன்சந்தையில் ஒருத்தி, நான் செத்தே போய்விட்டதாகவும் திருவனந்தபுரத்திலேயே அடக்கம் முடிந்துவிட்டதாகவும் என் நாத்தனாரிடமே சொல்லியிருக்கிறாள். நாத்தனார் சந்தை வாசலில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க எங்கள் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது நான். "யாரு பேசுகது?" என்று கேட்டதும் அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. மற்றவர்கள் சொன்னது போதும், இனி நானே சொல்லிவிடுவது நல்லது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

என் பெயர் பிரகாசி. கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு கடலோர ஊர். எட்டாம் வகுப்பு வரை கன்னியாஸ்திரிகளிடம் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வாசகம் வாசிப்பதால் எழுத்து இன்னும் மறக்கவில்லை. கணவர் சூசை கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். நான் தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் விற்றவள். சுனாமி எங்கள் மரத்தையும் வலைகளையும் வீட்டின் முன்பாதியையும் கொண்டுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போயிருந்ததால் நாங்கள் மிஞ்சினோம்.

அதன்பிறகு நிவாரணமாகக் கரையெங்கும் பைபர் படகுகள், எங்கள் பேச்சில் வள்ளங்கள், வந்து இறங்கின. பாறையில் இடித்தால் அவை விரிசல் விடும். சரிசெய்ய ஆள் இல்லை. என் மகன் வின்சென்ட் கொல்லத்துக்குப் போய் அவற்றைச் சரிசெய்வதையும் புதிதாகக் கட்டுவதையும் கற்றுக்கொண்டு வந்து, வீட்டின் பின்பக்கம் தகரக்கூரை போட்டு ஒரு பட்டறை தொடங்கினான். ஆள் கிடைக்காத ஒரு நாளில் "அம்மா, இந்தப் பாயைக் கொஞ்சம் பிடி" என்று கூப்பிட்டான். பிடித்தேன். அப்புறம் விடவில்லை.

வேலை இதுதான். அச்சின்மேல் கண்ணாடி நாரால் ஆன பாயை விரிக்க வேண்டும். ரெசின் என்கிற பசையில் உறைய வைக்கும் மருந்தைக் கலந்து அதன்மேல் பூச வேண்டும். உருளையால் உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். காய்ந்தபின் கிரைண்டரால் தேய்த்து, குழி விழுந்த இடத்தில் கல்மாவு கலந்த பசையை அப்பி, மறுபடியும் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது வெள்ளைத் தூசி எழும்பும். தலையில், இமையில், சாப்பாட்டுத் தட்டில் எல்லாம் அது படியும். கையில் ஒட்டிய பசையை அசிட்டோன் ஊற்றிக் கழுவுவோம். மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டால் ரெசின் சரியாக உறையாது என்று கதவையெல்லாம் அடைத்துக்கொண்டு உள்ளேயே வேலை செய்வோம். முதல் வருடம் அந்த வாடைக்குத் தலை வலித்தது. பிறகு பழகிவிட்டது.

எனக்கு அந்த வேலை பிடித்தது. மறைக்காமல் சொல்கிறேன், மீன் விற்றதைவிடப் பிடித்தது. இருபத்தைந்து வருடம் நான் சுமந்தது மறுநாள் நாறிப்போகும் சரக்கு. இப்போது நான் செய்தது கடலில் மிதந்தது. சில வருடங்களில், "அம்மைக்க கைவேலை வேணும்" என்று வள்ளக்காரர்கள் கேட்டு வரத் தொடங்கினார்கள். வின்சென்டுக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பட்டறை தொடங்கி ஏழாம் வருடம் மூக்கடைப்பில் ஆரம்பித்தது. சளி என்று நினைத்தேன். மூக்கைச் சிந்தினால் பொருக்குப் பொருக்காக இரத்தம் வந்தது. காதுக்குள் தண்ணீர் நிற்பதுபோல ஓர் அடைப்பு. மூட்டுகள் இன்று முழங்காலிலும் நாளை மணிக்கட்டிலுமாக இடம் மாறி மாறி வலித்தன. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆயிற்று. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே விளக்கம் இருந்தது: வயசாகிவிட்டது. ஊரிலும் எல்லாரும் அதையே சொன்னார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு எது வந்தாலும் அந்த ஒரு வார்த்தையைப் போட்டு மூடிவிடுகிறோம். அதுதான் எங்களைக் கொல்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினேன். எடுத்தபோது வெள்ளைச் சேலையில் சிவப்பு. பின்னால் நின்ற மருமகள் ரீட்டா அதைப் பார்த்துவிட்டாள். ஒரு சத்தமும் போடாமல் தன் முந்தானையை என் தோளைச் சுற்றிப் போட்டு, ஊர் பார்க்காதபடி என்னை வெளியே கூட்டிவந்தாள்.

பக்கத்து ஊரில் பார்த்த டாக்டர் நெஞ்சுப் படம் எடுத்தார். நுரையீரலில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். காசமாக இருக்கும் என்றார். சளியில் கிருமி தெரியவில்லை. ஆனாலும் மாத்திரை தொடங்கினார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். இரத்தம் இருமி, மெலிந்து, நெஞ்சில் திட்டோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் இருக்கும். எனக்கு அது இல்லை. மாத்திரை தின்னத் தின்ன நான் மேலும் வாடினேன். கால் வீங்கியது. ஒரு காலையில் சிறுநீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போனது.

சூசை அதைப் பார்த்துவிட்டு, கொடியில் கிடந்த சேலையை எடுத்து என் மடியில் போட்டார்.

"ஏட்டி, சேலையை மாத்து. நாகர்கோயிலுக்குப் போவோம்."

"திங்கக்கிழமை போவலாம். அந்த வள்ளத்துக்கு இன்னும் ஒரு பூச்சு..."

"வள்ளம் அங்க கெடக்கட்டும். எழும்பு."

நாகர்கோவிலில் ஒரு இளம் டாக்டர் என் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தார். கிரியாட்டினின் என்று ஒன்று இருக்கிறது. நம் தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதை அவ்வப்போது வெளியே தள்ளிவிடும். எனக்கு அது இரத்தத்திலேயே தேங்கி, இருக்க வேண்டிய அளவைப்போலப் பல மடங்காக ஏறியிருந்தது. அவர் சூசையிடம், "இங்க வச்சுப் பார்த்து நேரத்தைக் களைய வேண்டாம். இப்பவே திருவனந்தபுரம் கொண்டு போங்க" என்றார். தக்கலை தாண்டியது எனக்கு நினைவிருக்கிறது. அதன்பின் ரீட்டாவின் மடி மட்டும்தான் நினைவிருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரி. வராந்தாவின் இரு பக்கமும் நாற்காலிகள், எல்லாவற்றிலும் யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கும் யாரோ. மறுநாள் காலை சிறுநீரக டாக்டர் பயிற்சி மாணவர்களோடு சுற்றி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. பிறந்தது தக்கலைப் பக்கம் என்பதால் எங்களோடு எங்கள் தமிழிலேயே பேசினார். ஒரு மாணவன் என் தாளைப் பார்த்து வாசித்தான்: வயது அறுபத்து மூன்று, இல்லத்தரசி.

"அது யாரு?" என்றேன்.

"நீங்கதாம்மா."

"நான் வள்ளம் கட்டுகவளாக்கும்."

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இரத்தத்தில் கழிவு ஏறினால் சிலருக்குப் புத்தி தடுமாறும். அப்படி நினைத்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற சூசை உள்ளே வந்தார்.

"உள்ளதாக்கும் டாக்டரே. நான் கடலுக்குப் போற வள்ளமும் இவ கட்டினதாக்கும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் காய்ந்த ரெசின் அப்போதும் இருந்தது.

"பைபரா? எத்தன வருஷமா?"

"ஏழு."

"தூசி?"

"கேக்கணுமா? மாவு மில்லுக்குள்ள இருக்கது போலதான்."

"முகத்துல என்ன கெட்டுவீங்க?"

"தோர்த்துத் துண்டு."

"கதவு திறந்திருக்குமா?"

"மழைக்காலத்துல அடைச்சுதான்."

அவர் எழுந்து மாணவர்களைப் பார்த்து மலையாளத்திலும் ஆங்கிலத்திலுமாக ஏதோ சொன்னார். யாரும் அதன்பின் சிரிக்கவில்லை. இல்லத்தரசி என்ற வார்த்தையை அடித்துவிட்டு அவரே கையால் வேறொன்று எழுதினார். அன்றைக்கே வேறொரு இரத்தச் சோதனைக்கு அனுப்பினார். கவிழ்ந்து படுக்க வைத்து, முதுகை மரத்துப்போகச் செய்து, ஊசியால் சிறுநீரகத்திலிருந்து நூல் அளவு சதை எடுத்தார்கள். வலி அதிகம் இல்லை. அந்த ஊசி விடுபடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் பயம். பக்கத்தில் நின்ற நர்ஸ் "அம்மச்சி, ஒந்நும் பேடிக்கண்டா", பயப்பட வேண்டாம் என்று மலையாளத்தில் சொல்லி என் பிடரியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நம் இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் அணுக்கள் இருக்கின்றன. எனக்கு அந்த அணுக்கள் குழம்பிப்போய், உடம்பின் மிகச் சிறிய இரத்தக்குழாய்களையே தாக்கத் தொடங்கியிருந்தன. மூக்கிலும் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் அந்தச் சிறு குழாய்கள் நெருக்கமாக இருக்கும். அதனால்தான் மூக்கில் இரத்தம், இருமலில் இரத்தம், சிறுநீரில் இரத்தம். மூன்றும் ஒரே நோய்.

"பைபர்தான் காரணமா?" என்று வின்சென்ட் கேட்டான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"அதுதான்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. கல்தூசியும் இந்த மாதிரிக் கரைப்பான் ஆவியும் சிலருக்கு இந்தக் குழப்பத்தைத் தூண்டும்னு தெரியும். அம்மாவுக்கு அது தூண்டியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"நானும் அதே தூசியிலதான் நிக்கேன். எனக்கு ஒண்ணுமில்லியே?"

"உனக்கு வயசு என்ன?"

"முப்பத்தஞ்சு."

டாக்டரம்மா என்னைப் பார்த்துத் திரும்பினார். "வீட்டுல நாய் உண்டா?"

"உண்டு."

"இளநாய் அந்நியனைப் பாத்துக் குலைக்கும், வீட்டாளைக் கண்டா வாலாட்டும். கிழநாய்க்குக் கண்ணும் மங்கும், மூக்கும் மங்கும். அதை நாளெல்லாம் யாராவது கல்லெடுத்து எறிஞ்சுகிட்டே இருந்தா என்ன செய்யும்? கள்ளன் வந்தா தூங்கும், சோறு போடுற கையைக் கடிக்கும். வயசானா உடம்புக்குள்ள இருக்க எதிர்ப்புச் சக்தியும் அப்படித்தான். வேண்டிய நேரத்துல மெதுவா எழும்பும், வேண்டாத இடத்துல பாயும். நுரையீரலுக்குள்ள போன தூசியைக் கூட்டித்தள்ளுற சக்தியும் குறையும். ஏழு வருஷமா நீங்க அதுக்கு ஓயாம கல்லெறிஞ்சிருக்கீங்க."

"அப்பம் அந்த நாயைக் கட்டிப்போடணும்" என்றேன்.

"அதுக்குத்தான் மருந்து. ஆனா ஒண்ணு. நாயைக் கட்டிப்போட்டா கள்ளன் வருவான். சின்னச் சளிகூட உங்களுக்குப் பெரிசாயிடும். கவனமா இருக்கணும்."

"பொழைப்பேனா?"

"பொழைக்க வைக்கத்தான் பாக்குகேன். சிறுநீரகம் முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல மாட்டேன்."

நேராகச் சொன்னார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதலில் ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அடுத்து இன்னொரு மருந்து, புற்றுநோய்க்கும் கொடுப்பது. ஊரில் புற்று என்று கதை கிளம்பியது அதனால்தான். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கினார்கள். உடம்பிலுள்ள இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவித் திரும்ப உள்ளே விடுவது அது. கட்டிலில் படுத்தபடி என் இரத்தம் குழாய் வழியாகச் சுற்றிப் போவதைப் பார்ப்பேன். முதல் தடவை பார்த்தபோது ஜெபம் வரவில்லை. கெட்ட வார்த்தைதான் வந்தது.

எல்லாவற்றிலும் கொடுமை தாகம். சிறுநீர் போகாத உடம்புக்குத் தண்ணீர் விஷம். ஒரு நாளைக்குக் குடிக்க அளந்து கொடுத்தார்கள், அதற்குள் மாத்திரையும் விழுங்க வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். நாக்கு பலகையாக ஒட்டிக்கொள்ளும். ஒரு பனிக்கட்டித் துண்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு அது கரைவதை எண்ணிக்கொண்டே கிடப்பேன். பலநாள் கழித்துத்தான் ஒன்று கவனித்தேன். சூசை என் கண்முன்னால் ஒரு வாய் தண்ணீரோ சாயாவோ குடித்ததே இல்லை. தாகம் எடுத்தால் வராந்தாவுக்குப் போய், அதையும் தாண்டி மாடிப்படிக்குக் கீழே நின்று குடித்துவிட்டு வந்திருக்கிறார். கேட்டேன்.

"இஞ்ச வச்சுக் குடிச்சா என்ன?"

"எனக்குத் தாகமில்ல" என்றார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் எனக்குச் சொன்ன காதல் வசனம் அதுதான்.

இன்னொன்றும் செய்தார். அந்த அறையில் ஜன்னல் உண்டு, கடல் இல்லை. தினமும் காலை ஊருக்குப் போன் செய்து விசாரித்துவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்து சொல்வார்: இன்றைக்குக் கச்சான் காற்று, கரைப்பக்கம் நெத்திலி, இன்னார் வள்ளத்தில் மீன்பாடு நல்லது, இன்னார் வலை பாறையில் மாட்டிக் கிழிந்துபோச்சு. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அதைக் கேட்ட அரைமணி நேரம் நான் ஆஸ்பத்திரியில் இல்லை.

செலவைப் பற்றி ஒன்றுமட்டும் சொல்கிறேன். நான் செய்துகொடுத்த வள்ளங்களின் சொந்தக்காரர்கள் தங்களுக்குள் பேசி, ஒரு நாள் மீன்பாட்டை அப்படியே எனக்கென்று ஒதுக்கினார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் எனக்குச் சொல்லவுமில்லை. அன்றைக்குக் கடலும் தாராளமாகக் கொடுத்ததாம்.

மருந்து நாயைக் கட்டிப்போட்டது. டாக்டரம்மா சொன்னபடியே கள்ளனும் வந்தான். இடுப்பைச் சுற்றி நெருப்பு வைத்ததுபோல எரிந்து, கொப்பளம் கொப்பளமாக அக்கி கிளம்பியது. சிறுவயதில் வந்த அம்மையின் கிருமி உடம்புக்குள்ளேயே ஒளிந்திருந்து, காவல் தளர்ந்ததும் எழும்பி வருவதுதான் அக்கி என்றார்கள். ஊரிலிருந்து என் தங்கை செங்காவிக் கட்டியோடு வந்துவிட்டாள், கொப்பளத்தின்மேல் காவியால் அக்கி எழுத. சூசை வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"அத்தான், நான் அவளுக்க கூடப்பிறந்தவளாக்கும்!"

"ஆனா என்ன? நீ தும்முகே. வெளிய நின்னு பேசு."

"இது தும்மலா? பஸ்ஸுல பொடி..."

"பொடியோ மணலோ, உள்ள விட மாட்டேன்."

கண்ணாடிக்கு அப்பால் நின்று அவள் அழுதாள். இந்தப் பக்கம் நான் சிரித்தேன். இரண்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அக்கி ஆஸ்பத்திரி மருந்திலேயே அடங்கிற்று.

இப்போது வெற்றியைச் சொல்கிறேன். படிப்பவர்கள் மூக்கைச் சுளித்தாலும் பரவாயில்லை. எங்கள் வெற்றி ஒரு பிளாஸ்டிக் குவளையில் வந்தது. நான் கழிக்கும் சிறுநீரை ரீட்டா தினமும் குவளையில் பிடித்து அளக்க வேண்டும். பலநாள் அதில் அடியை நனைக்கும் அளவுக்குத்தான் இருந்தது. அவள் முகத்தைக் காட்டாமல் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவாள். ஒரு காலையில் உள்ளே போனவள் வெளியே வரவில்லை. "மாமி! மாமி!" என்று குளியலறையிலிருந்து கத்தினாள். ஏதோ ஆகிவிட்டது என்று நர்ஸ்கள் ஓடினார்கள். ரீட்டா குவளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பூசையில் பாத்திரம் தூக்குவதுபோலத் தூக்கிப்பிடித்து வெளியே வந்தாள். பாதி நிறைந்திருந்தது. கட்டன்சாயா நிறம் போய், நிறம் தெளிந்திருந்தது.

"எத்ர உண்டு?" என்று ஓடிவந்தாள் நர்ஸ். அளவைப் பார்த்துவிட்டு ரீட்டாவைக் கட்டிப்பிடித்தாள். பக்கத்துக் கட்டில்காரி கைதட்டினாள். அவளுக்கு அதன் மதிப்பு தெரியும், அவளும் டயாலிசிஸில் இருந்தவள். எல்லாரும் மாறி மாறி வந்து பார்த்தார்கள். என் பிள்ளை பிறந்தபோதுகூட இவ்வளவு பேர் வந்து பார்க்கவில்லை.

மறுநாள் இன்னும் கூடியது. டயாலிசிஸ் இடைவெளி நீண்டது. ஒருநாள் டாக்டரம்மா இரத்த முடிவைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு மெஷின் வேண்டாம்" என்றார். அடுத்த வாரமும் வேண்டாம் என்றார். பிறகு கழுத்துக் குழாயை உருவி எடுத்தபின், அந்த இடத்தை நர்ஸ் விரலால் நெடுநேரம் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் கையை எடுத்ததும் நான் முதலில் கேட்டது தண்ணீர். ஒரு முழு செம்பு. சூசை கொண்டுவந்து கொடுத்தார். நான் போதும் என்னும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, மீதியைத் தான் குடித்தார்.

சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் ஓர் ஆளுக்குப் போதுமான அளவு திரும்பியது. முடி கொட்டி, முகம் ஸ்டீராய்டில் பூசணிக்காயாக வீங்கி வீட்டுக்கு வந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ வசதியான வீட்டு அம்மாவைப்போல இருந்தேன். இரண்டு வருடத்தில் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். நோய் அடங்கிவிட்டது, இனி கவனிப்பு மட்டும்தான் என்று டாக்டரம்மா சொன்ன அன்று வின்சென்ட் தெருவுக்கே லட்டு கொடுத்தான்.

ஆனால் அதற்கு முன்பே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அவனோடு ஒரு சண்டை போட்டேன்.

"பட்டறை வீட்டுக்குப் பின்னால இருக்கக்கூடாது."

"எங்க கொண்டு போட? இடம் வேண்டாமா?"

"கடக்கரையில, காத்து வாற இடத்துல. நாலு பக்கமும் திறந்து. மூக்குக்கு உள்ளதை மூக்குக்கு, கைக்கு உள்ளதைக் கைக்கு மாட்டணும். கிரைண்டர் வச்சா தண்ணி தெளிச்சுத் தேய்க்கணும். அறுபது தாண்டுனவன் ஒருத்தனும் ரெசின் தொடக்கூடாது."

"அப்படியானா நீயும் தொடக்கூடாது."

"நான் மேக்காத்துப் பக்கம் நாற்காலி போட்டு இருந்து குறை சொல்லுகேன். அதுக்குக் கூலி வேண்டாம்."

சிரித்துவிட்டான். மூன்று மாதத்தில் மாற்றினான். மழையில் வேலை தடைபடுகிறது என்று முணுமுணுப்பான், ஆனாலும் மாற்றினான். வடித்து வைத்தாற்போலக் கட்டுகிறான் இப்போது. நான் சொல்லிக்கொடுத்ததுதான் என்று அவனும் யாரிடமும் மறைப்பதில்லை.

எங்கள் கரையில் இன்னொரு பட்டறை பர்னபாஸுடையது. அறுபத்தெட்டு வயது, தொழிலில் எங்களுக்குப் போட்டி. எங்கள் ஆட்கள் முகக்கவசம் போட்டு வேலை செய்வதைப் பார்த்து, "குதிரைக்குக் கொள்ளுப்பை கட்டினமாதி இருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர். கோயில் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையது. ஒருநாள் நான் ஒன்று கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முழுத்தொண்டையில் பாடுகிறவர், வாரமெல்லாம் பட்டறையில் நின்றுவிட்டு வெள்ளிக்கிழமை மாலைச் சிலுவைப்பாதைக்கு வரும்போது கோயில் படியேற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமுகிறார். ஊர்த்திருவிழாவுக்குப் பட்டறை பத்துநாள் அடைத்தபோது இருமலே இல்லை. திறந்ததும் திரும்ப வந்தது.

அவர் பட்டறை வாசலுக்குப் போனேன். காற்று அடிக்கும் பக்கமாக, தூசி படாத இடத்தில், ஒரு கவிழ்த்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்தேன்.

"என்ன வேணும் பிரகாசி?"

"நீரு என்கூட டாக்டரைக் காண வரணும்."

"எனக்கென்ன கேடு? வயசாச்சு, மூச்சு வாங்கும்."

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஒமக்கு வயசு கொறையுமோ?"

கிரைண்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று வரவில்லை. மறுநாளும் போய் அதே இடத்தில் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். வேலையாட்கள் சிரிக்கத் தொடங்கியதும் வெட்கம் தாங்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். திருவனந்தபுரம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். சூசை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

அவருக்கு வந்தது என் நோய் அல்ல. மூச்சில் போன இரசாயனத்தை எதிர்த்து எதிர்த்து அவருடைய நுரையீரல் வீங்கியிருந்தது. என்னைப்போலவே அவருடைய எதிர்ப்புச் சக்தியும் அளவு தெரியாமல் பாய்ந்திருந்தது, வேறு வழியில். இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போயிருக்கும், பிறகு மருந்தும் பயன்படாது என்றார்கள். பட்டறைக்குள் போவதை நிறுத்தி, சில மாதம் மாத்திரை சாப்பிட்டார். குழாய் இல்லை, இயந்திரம் இல்லை, ஒரு நாள்கூடக் கட்டிலில் படுக்கவில்லை.

குணமானபின் ஒரு காலையில் முழு நெய்மீன் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நன்றி என்று அவர் வாயில் வரவில்லை. மீனை ரீட்டாவிடம் கொடுத்துவிட்டு நின்றார்.

"கிழக்க மூணாவது ஊருல ஒரு பட்டறை உண்டும் கேட்டியா. அங்க ரெண்டு கிழவன்மாரு அடச்ச கூரைக்குள்ள கிரைண்டர் போட்டுட்டு இருக்கானுவ."

"போவமா?" என்றேன்.

"போவோம். ஆனா நீ வாயைத் தெறக்கக்கூடாது. நான்தான் பேசுவேன். நீ பேசினா அடிதான் நடக்கும்."

போனோம். அந்தப் பட்டறை வாசலில் நின்று பர்னபாஸ் பேசினார். தூசியைப் பற்றி, ஆவியைப் பற்றி, வயதானால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி, எல்லாம் தானே கண்டுபிடித்ததுபோலக் கனத்த குரலில் அரைமணி நேரம் பேசினார். கிரைண்டரை நிறுத்திவிட்டு இரண்டு கிழவர்களும் வெளியே வெளிச்சத்துக்கு வந்து நின்று கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்று, என் வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு வார்த்தை பேசவில்லை.